முதல் தொழிலும் தொழிலுக்கான முதலும்



தமிழ்ச் சமணர் நெடுங்காலம் உழவை நம்பி வாழ்ந்தவர். பின்வந்த தலைமுறை ஆசிரியப் பணியையும் அரசுப் பணியையும் நாடியது. அதற்கும் அடுத்த தலைமுறை சென்னைக்கும் பெங்களூருக்கும் சென்றது. கண்டாச்சிபுரத்தைச் சுற்றியுள்ள சிற்றூர் ஒன்றில் ஓர் இளைஞர், "வேலையை விட்டுவிட்டு ஊரிலேயே தொழில் செய்யப் போகிறேன்" என்று சொன்னால், பெற்றோர் மனத்தில் முதலில் எழுவது ஒரே அச்சம்: நிலம் கைவிட்டுப் போய்விடுமோ? அந்த அச்சத்தை இகழ்தல் முறையன்று. அதற்கு விடை கூறிய பின்பே தொழிலைத் தொடங்க வேண்டும்.

முதற்கண், எத்தொழில் என்பது. இல்லறத்தார் செய்யும் தொழிலில் சிறிதளவேனும் உயிர்க்கு ஊறு நேரும் என்பதைச் சமண அறம் மறைக்கவில்லை. அதனைக் கூடியவரை குறைப்பதே இல்லறத்தார் கடமை. சமந்தபத்திரரின் இரத்தினகரண்ட சிராவகாசாரமும், அதன் வழிநின்ற தமிழ் நூலாகிய அருங்கலச்செப்பும் இல்லறத்தார்க்குரிய நோன்புகளை அவற்றிற்கு நேரும் குற்றங்களோடு விளக்குகின்றன. கள்ளாமைக்குச் சொல்லப்பட்ட குற்றங்கள் ஐந்து: களவுக்கு வழிகாட்டுதல், களவுப் பொருளைக் கொள்ளுதல், அரசின் நெறியை மீறுதல், ஒத்த பொருளைக் கலத்தல், அளவைக் குறைத்தும் கூட்டியும் ஏமாற்றுதல். இவற்றைப் படிப்போர்க்கு, ஒரு கடைக்காரர்க்கென்றே வகுத்த விதிகளோ என்று தோன்றும். தேர்ந்தெடுக்கும் தொழில் இவ்வைந்திற்கும் இடங்கொடாமல் நடக்குமா என்பதே முதல் தேர்வு.

அடுத்த தேர்வு, மூலப்பொருள் கைக்கெட்டும் தொலைவில் உள்ளதா என்பது. விழுப்புரம் மாவட்டம் நிலக்கடலைக்குப் பெயர்பெற்றது. திண்டிவனத்தில் உள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட கடலை இரகங்கள் 'டி.எம்.வி.' என்று அவ்வூரின் பெயரையே தாங்கி நிற்கின்றன. ஆகவே மரச்செக்கு எண்ணெய்த் தொழிலை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

நூறு கிலோ கடலைப் பருப்பைச் செக்கிலிட்டால் ஏறத்தாழ 40 கிலோ எண்ணெய் கிடைக்கும். எஞ்சுவதில் பெரும்பகுதி புண்ணாக்கு. அது மாட்டுத் தீவனமாக விலை போகும். புண்ணாக்கின் விற்பனையைக் கணக்கில் சேர்க்காதவர் எண்ணெய்க்கு விலை வைக்கத் தடுமாறுவார். மேலும், கடலை மலிவாகக் கிடைப்பது அறுவடைக் காலத்தில். எண்ணெய் விற்பதோ ஆண்டு முழுவதும். எனவே செக்கு வாங்கப் பணம் இருந்தால் மட்டும் போதாது. கடலை வாங்கி இருப்பு வைக்கவும் பணம் வேண்டும். கையிலுள்ள தொகை முழுவதையும் இயந்திரத்தில் போட்டுவிட்டு, கடலை வாங்கப் பணமின்றிச் செக்கை நிறுத்தி வைப்பது புதியவர் பலரும் செய்யும் பிழை. வாங்கிய கடலையை நன்கு உலர்த்தி வைத்தால் பூஞ்சணமும் வண்டும் அண்டா. அது வணிகத்திற்கு இலாபம், உயிர்க்கொலையும் குறைகிறது.

இனி, முதல் எங்கிருந்து வரும் என்பது. 2014 சனவரியில் சமணர் தேசியச் சிறுபான்மையினராக அறிவிக்கப்பட்டனர். அதன் பயனைக் கல்வி உதவித்தொகையோடு நிறுத்திக் கொண்ட குடும்பங்கள் பல. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் சிறுபான்மையினர் சிறப்புப் பிரிவில் அடங்குவர். 2022இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, உற்பத்தித் தொழிலுக்குத் திட்டச் செலவு 50 இலட்சம் ரூபாய் வரை போகலாம். சிறப்புப் பிரிவினர் தம் பங்காக 5 விழுக்காடு இட்டால் போதும்; ஊரகப் பகுதியில் மானியம் 35 விழுக்காடு.

10 இலட்ச ரூபாய்த் திட்டம் ஒன்றைப் பார்ப்போம். சொந்தப் பங்கு 50,000 ரூபாய். வங்கி தருவது 9.5 இலட்சம். மானியம் 3.5 இலட்சம். ஆனால் அம்மானியம் கையில் தரப்படுவதன்று. மூன்றாண்டுகள் வங்கியில் வைப்பாக இருந்து, தொழில் முறையாக நடப்பது உறுதியான பின்பே கடனில் வரவு வைக்கப்படும். இடையில் தொழிலைக் கைவிட்டவர்க்கு அது கிட்டாது. மானியத்திற்காகத் தொழில் தொடங்குவோர் இதனை நினைவிற்கொள்க.

பெற்றோரின் அச்சத்திற்குரிய விடையும் இங்கேயே உள்ளது. 10 இலட்சம் ரூபாய் வரையிலான குறுந்தொழில் கடனுக்கு வங்கிகள் சொத்தை ஈடாகக் கேட்கலாகாது என்பது ரிசர்வ் வங்கியின் நெறி. அத்தகைய கடனுக்குக் கடன் உத்தரவாத நிதியம் துணை நிற்கிறது. ஆகவே முதல் தொழிலுக்காகப் பரம்பரை நிலத்தின் பத்திரத்தைப் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டியதில்லை.

இன்னும் சிறிதாகத் தொடங்க விரும்புவோர்க்கு 2015இல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் 50,000 ரூபாய் வரையிலான 'சிசு' கடன் உண்டு. தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகமும் கடன் வழங்குகிறது. உத்யம் பதிவுக்குக் கட்டணம் ஏதுமில்லை. அதற்குப் பணம் கேட்கும் இடைத்தரகரை நம்ப வேண்டா. விதிகள் அவ்வப்போது மாறும் இயல்பின. விண்ணப்பிக்குமுன் விழுப்புரம் மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேட்டறிதல் நலம்.

நிறைவாக ஒன்று. மிகுபொருள் விரும்பாமை என்னும் நோன்பில், பொருள் வந்தபின் அளவு வகுப்பதில்லை. வருமுன்பே வகுத்துக் கொள்கிறோம். கடனுக்கும் அதுவே நெறியாகட்டும். "இத்தனை ரூபாய்க்குமேல் கடன்படேன், இத்தனை மாதத்தில் தொழில் தன் செலவைத் தானே ஈட்டாவிடில் நிறுத்தி எண்ணிப் பார்ப்பேன்" என்று முதல் நாளே குறிப்பேட்டில் எழுதி, வீட்டாரிடம் படித்துக் காட்டுக. அந்நோன்பிற்குச் சொல்லப்பட்ட குற்றங்களுள் அளவிறந்து சேர்த்தலும் அளவிறந்த சுமை ஏற்றலும் உள. சுமை என்பது மாட்டின் முதுகில் ஏற்றுவது மட்டுமன்று. தாங்கமாட்டாத கடனும் சுமையே.

பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். ஊர் திரும்பும் பிள்ளையிடம், "உனக்கு ஏன் இந்த வேலை?" என்று கேட்குமுன், அவருடைய கணக்குக் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். பிழையிருந்தால் திருத்துங்கள். பிழையில்லாவிடில் முதற்படி எண்ணெயை நீங்களே வாங்குங்கள். பெற்றோர் மட்டும் இருக்கும் வீடுகளில் மீண்டும் பிள்ளைகளின் குரல் கேட்கட்டும்.