வேலைக்குப் பெயர் மாற்றினால் கூலி குறையுமா?

(அலங்காநல்லூரில் விவசாயத் தொழிலாளர், மில் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆண் பெண் சமத்துவத்தில் எந்த நாடு எங்கே நிற்கிறது என்று உலகத்துக்கே இப்போது மார்க் போடுகிறார்கள். உலகப் பொருளாதார மன்றம் 2025-ல் 148 நாடுகளை வரிசைப்படுத்தியது. இந்தியா 131-வது. பணமுதலைகள் கூடும் சபைதான் அது. ஆனாலும் கணக்கை ஒதுக்க வேண்டியதில்லை. படிப்பில் நம் பெண்கள் ஆண்களை நெருங்கிவிட்டார்கள். வருமானத்திலும் அரசியல் பதவியிலும்தான் அதலபாதாளம்.

அந்த அளவுகோல் நம் கரும்புக் காட்டுக்குள் வராது. நாம்தான் அளக்க வேண்டும். ஆண்கள் கரும்பு வெட்டுகிறார்கள். பெண்கள் சோகை உரித்து, கட்டுக் கட்டி, தலையில் சுமக்கிறார்கள். வயலில் ஆண்கள் வரப்பு வெட்டுகிறார்கள். பெண்கள் சேற்றில் நாளெல்லாம் குனிந்து நாற்று நடுகிறார்கள். "ஆம்பளை வேலை வேறு, பொம்பளை வேலை வேறு, கூலியும் வேறு" என்கிறார் பண்ணைக்காரர். நடவு கெட்டால் விளைச்சல் கெடும் என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் கைதேர்ந்த நடவாட்களைத் தேடி வருகிறார். கூலி கொடுக்கிற நேரத்தில் மட்டும் அது 'லேசான வேலை' ஆகிவிடுகிறது!

1976-ல் வந்த சம ஊதியச் சட்டம் என்ன சொன்னது? ஒரே வேலைக்கு மட்டுமல்ல, ஒத்த தன்மையுள்ள வேலைக்கும் சம கூலி என்றது. எந்த வேலையில் ஆண் எத்தனை, பெண் எத்தனை, என்ன ரேட் என்று முதலாளி பதிவேடு வைக்க வேண்டும் என்றது. 2019-ல் அதை ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் கரைத்தார்கள். சம கூலி விதி அதிலும் இருக்கிறது. வேலைக்கு வேறு பெயர் சூட்டி அந்த விதியை ஏய்க்கிறார்கள்.

2005-ல் வந்த வேலை உறுதிச் சட்டத்தில் இந்தத் தந்திரம் செல்லவில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ரேட். தமிழ்நாட்டில் அந்த வேலை நாட்களில் பத்தில் எட்டுக்கு மேல் பெண்கள் செய்தவை. காரணம் பல உண்டு. ஒரே ரேட் அதில் முக்கியமானது.

இனி ஆண் தோழர்களுக்கு ஒரு கணக்கு. வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் தினம் 299 நிமிஷமும் ஆண்கள் 97 நிமிஷமும் செலவிட்டதாக 2019-ல் சர்க்கார் சர்வே சொன்னது. 2024-ல் அது 289, 88. பெண்ணுக்குப் பத்து நிமிஷம் குறைந்தது, முன்னேற்றம் என்கிறார்கள். ஆண் தன் பங்கிலும் ஒன்பது நிமிஷம் குறைத்துக்கொண்டான்! மில்லில் எட்டு மணி நேரத்துக்குப் போராடும் நாம், வீட்டில் ஐந்து மணி ஓவர்டைமைச் சம்பளமில்லாமல் வாங்குகிறோம்.

முதலிடத்தில் இருக்கிற ஐஸ்லாந்தில், 1975 அக்டோபர் 24-ல் பத்தில் ஒன்பது பெண்கள் வேலையையும் அடுப்பையும் நிறுத்தினார்கள். மறு வருஷமே சமத்துவச் சட்டம் வந்தது.

ஆகவே ஒவ்வொரு ஊரிலும் சங்கம் ஒரு நோட்டுப் போட வேண்டும். என்ன வேலை, எத்தனை மணிக்கு இறங்கினோம், எப்போது கரையேறினோம், ஆணுக்கு என்ன, பெண்ணுக்கு என்ன. மில் தோழர்கள் டிபார்ட்மெண்ட் வாரியாக எழுதுங்கள். அடுத்த கூலிப் பேச்சில் அந்த நோட்டு மேஜைமேல் இருக்க வேண்டும். எழுதும் பொறுப்பு பெண் தோழர்களுடையது. அதற்கான கூட்டத்தை இராத்திரி ஏழு மணிக்குப் போடாதீர்கள். அது உலை வைக்கிற நேரம். மத்தியானக் கஞ்சி வேளையில், வரப்பிலேயே கூடுவோம்.