சேகரமும் சங்கமும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நம்மில் பலருக்கு மந்திர் மார்க் நாள்தோறும் நடந்து பழகிய சாலை. முன்பு ரீடிங் ரோடு என வழங்கிய அச்சாலையில் லட்சுமி நாராயணர் ஆலயம் உள்ளது. எல்லாச் சாதியாரும் உட்புகலாம் என்ற நிபந்தனையின் பேரில் 1939இல் காந்தியடிகள் அதனைத் திறந்து வைத்தார். 1946, 47ஆம் ஆண்டுகளில் அடிகள் தங்கியிருந்த வால்மீகி ஆலயமும் அங்குதான் உள்ளது. 1923இல் தோன்றிய தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளியொன்றும் அங்கே நம் குழந்தைகளுக்குத் தமிழ் பயிற்றுகிறது. இவற்றோடு, வால்ட்டர் ஜார்ஜ் என்னும் கட்டடக் கலைஞர் வகுத்த அமைப்பில், 1930களின் தொடக்கத்தில் செங்கல்லால் எழும்பிய புனித தோமையார் ஆலயமும் நிற்கிறது.

தோமையார் என்ற பெயர் தமிழருக்குப் புதிதன்று. மயிலையும் பரங்கிமலையும் அவர் வாழ்ந்து உயிர்நீத்த இடங்கள் என்பது வழிவழி வந்த மரபு. ஆதலின், அவ்வாலயம் சார்ந்த ஆங்கிலிக்கன் திருச்சபையின் வாழ்வினின்று சங்கம் கற்கத்தக்கது ஒன்றினை இன்று எடுத்துரைக்க விழைகின்றோம்.

பேராயரைத் தலைவராகக் கொண்டு இயங்கும் சபை அது. தென்னாட்டில் அதன் மறைமாவட்டங்கள் வேறு சில சபைகளோடு இணைந்து, 1947 செப்டம்பர் 27ஆம் நாள் தென்னிந்தியத் திருச்சபை ஆயின. வடநாட்டில் 1970 நவம்பர் 29ஆம் நாள் வட இந்தியத் திருச்சபை உருவாயிற்று. நெல்லையிலிருந்து தில்லி வந்து குடியேறும் குடும்பத்திற்குச் சபையின் பெயர் மாறினும் முறை மாறுவதில்லை.

நெல்லைச் சபையார் வழங்கும் சொல் ஒன்றுண்டு: சேகரம். பல ஊர்ச் சபைகள் ஒரு குருவானவரின் பொறுப்பில் சேர்ந்திருப்பது சேகரம். இதில் ஓர் உண்மை அடங்கியுள்ளது. சேகரத்திற்கு எல்லை உண்டு. ஆனால் அது நிலத்தின் எல்லையேயன்றி உறவின் எல்லையன்று. அவ்வெல்லைக்குள் வாழ்வோர் நம்மவரா, நமக்குப் பிடித்தவரா என்று வினவாமல், அவர்தம் நலத்திற்கும் துயருக்கும் பொறுப்பேற்பதே அதன் இலக்கணம். கூடுவது எளிது, பொறுப்பேற்பது அரிது.

இப்பொறுப்பு எவ்வாறு நடைமுறையில் நின்றது? அரிசி களையும் முன் ஒரு பிடியைத் தனியே எடுத்து வைப்பது நெல்லைச் சபைத் தாய்மாரின் வழக்கம். கொடுப்பதற்குச் செல்வம் வேண்டுவதில்லை, அடுப்பு எரிந்தாற் போதும் என்பதை அது குழந்தைகளுக்குச் சொல்லாமற் சொல்லிற்று. அசன விருந்து மற்றொன்று. வீடுதோறும் பொருள் திரட்டி, பெருங்கலங்களில் சமைத்து, ஊரார் அனைவரும் உண்பர். சாதிப் பிணக்குச் சபைக்குள்ளும் புகுந்ததுண்டு என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்பதும், ஒரே கிண்ணத்தில் திருவிருந்து பருகுவதும் அப்பிணக்கை ஆண்டுதோறும் கேள்விக்குள்ளாக்கி வந்தன.

புலம்பெயர்ந்த நமக்கு இதற்கு உயர்ந்த சான்று வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874இல் நெல்லைச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். இந்தியர் பணத்தாலும் இந்தியர் உழைப்பாலுமே பணி நடத்தல் வேண்டும் என்ற உறுதியுடன் 1903இல் இந்திய மிஷனரி சங்கம் தோன்றக் காரணமானவருள் முதன்மையானவர். பின்னர்த் தாமே தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குச் சென்று, அம்மக்கள் மொழியைக் கற்று, எளியோரிடையே வாழ்ந்தார். 1912 டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராகத் திருநிலை பெற்றார். 1945இல் மறையும் வரை அவர் பணிநிலம் தோர்ணக்கல்லே. பிறந்த ஊரை அவர் மறந்தாரல்லர். வந்த ஊரை அயலூராகவும் கருதினாரல்லர். தமிழன் தமிழனாகவே இருந்து பிறர்க்கு அண்டை வீட்டானாகலாம் என்பதே அவர் வாழ்வு உணர்த்தும் பாடம்.

இனி, தில்லியில் நம் நிலையை நோக்குவோம். ஊரில் ஒருவர் நோயுற்றால் ஆலயமணி அடிக்குமுன் உபதேசியார் வாசலில் நிற்பார். இங்கோ, அடுத்த குவார்ட்டர்ஸில் இருப்பவர் மாற்றலாகிச் சென்றதையே நாம் மாதம் கழித்து அறிகிறோம். பொங்கலுக்கும் ஆண்டு விழாவுக்கும் திரளும் கூட்டம், மருத்துவமனை வாசலில் திரள்வதில்லை. விழா குறைவற நடந்தும் சமுதாயம் தளரக்கூடும் என்பதே நம் அச்சம்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைத் தாய் மனப்பாடமாகப் பாடுகிறாள். தில்லியில் வளர்ந்த மகன் அவற்றைத் தேவநாகரியில் எழுதிவைத்துப் படிக்கிறான். திருமுறை ஓதும் வீடுகளிலும் இதே நிலைதான். இது தகாது என்பர் சிலர். இதுவேனும் இருக்கட்டும் என்பர் வேறு சிலர். வேற்றெழுத்து வாசற்படியாக இருக்கலாம். அதுவே வீடாகிவிடக் கூடாது என்பது நம் கருத்து. துன்பம் வருங்கால் மனிதன் தன்னையறியாமல் எம்மொழியில் இறைவனை அழைக்கின்றானோ, அம்மொழியே அவனுக்குத் தாய்மொழி. அதனை நம் மக்கள் இழப்பரேல், இழப்பது எழுத்து மட்டுமன்று.

ஆகவே அன்பர்களே, மூன்று செயல்களைச் சங்கத்தின் முன் வைக்கின்றோம். ஒவ்வொரு காலனியிலும் பத்து வீட்டுக்கு ஒரு குடும்பம் பொறுப்பேற்று, வருவோரையும் நோயுறுவோரையும் முதியோரையும் அறிந்து வைத்தல் வேண்டும். ஒவ்வொரு வீடும் பிடி அரிசிக்கு ஈடாகச் சிறு தொகை ஒதுக்கி, பள்ளிச் சம்பளம் கட்ட இயலாத பிள்ளைக்கு அளித்தல் வேண்டும். அப்பிள்ளை தமிழ்ப் பிள்ளையாக இருத்தல் வேண்டுமென்பதில்லை. எச்சமயத்தவராயினும், வாரம் ஒரு நாள் குடும்பத்தோடு அமர்ந்து தத்தம் வழிபாட்டுப் பாடலைத் தமிழெழுத்தில் படித்தல் வேண்டும்.

சங்கம் என்பதும் கூட்டம். சேகரம் என்பதும் கூட்டம். கூடியோர் ஒருவர்க்கொருவர் பொறுப்பாகும்போதுதான் அக்கூட்டம் சமுதாயமாகும். அதற்கு வேண்டிய உள்ளத்தை எல்லாம் வல்ல இறைவன் நமக்கு அருள்வானாக.