மாற்று நிலையம் வேறு வானத்தின் கீழ் இருக்கட்டும்

(வேப்பந்தட்டையில் கணித, அறிவியல் ஆசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரை)



விமானம் எப்படிப் பறக்கிறது என்று நம் பிள்ளைகள் கேட்பார்கள். இறங்க முடியாமல் போனால் என்ன செய்யும் என்று அரிதாகவே கேட்பார்கள். அந்தக் கேள்வியை நாமே எழுப்பினால் நல்லதொரு கணக்குப் பாடம் கிடைக்கும்.

மேகத்துக்குள் செல்லும் விமானி கருவிகள் காட்டும் அளவுகளை நம்பியே ஓட்டுகிறார். ஆனாலும் வழக்கமான தரையிறக்கத்தில், குறித்த உயரத்துக்கு வரும்போது ஓடுதளமோ அதன் விளக்குகளோ கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மீண்டும் மேலே ஏற வேண்டும். அடுத்து எங்கே போவது? அந்த விடையைப் புறப்படும் முன்பே திட்டத்தில் எழுதியிருக்க வேண்டும். அதுவே மாற்று விமான நிலையம்.

பெயரை எழுதினால் மட்டும் போதாது. அங்கே போய்ச் சேர எரிபொருளும் வேண்டும். ஒரு விமானம் மணிக்கு 2,400 கிலோ எரிபொருள் செலவழிப்பதாக வகுப்பில் வைத்துக்கொள்வோம். 2 மணி நேரப் பயணத்துக்கு 4,800 கிலோ. எதிர்பாராத செலவுக்கு அதில் 5 விழுக்காடு, 240 கிலோ. மாற்று நிலையம் அரை மணித் தொலைவில் இருந்தால் 1,200 கிலோ. இவற்றோடு, தொடாமல் வைத்திருக்க வேண்டிய 30 நிமிட இறுதிச் சேமிப்பு, இன்னொரு 1,200 கிலோ. மொத்தம் 7,440 கிலோ. ஏழாம் வகுப்புப் பிள்ளையும் போடக்கூடிய கணக்கு இது. அருகில் வேறு நிலையமே இல்லாத தீவுக்குப் போகும் ஜெட் விமானம், தீவை அடைந்த பிறகும் 2 மணி நேரம் பறக்கும் அளவுக்கு எரிபொருள் வைத்திருக்க வேண்டும் என்பது உலக நடைமுறை. மாற்று இல்லாத இடத்தில் கால அவகாசமே மாற்று!

இனி மிக முக்கியமான செய்தி. 2015 ஆகஸ்ட் 18 அன்று தோகாவிலிருந்து கொச்சிக்கு வந்த போயிங் 737 விமானம், ஓடுதளம் தெளிவாகத் தெரியாததால் மூன்று முறை முயன்றும் இறங்க முடியவில்லை. அருகிலுள்ள திருவனந்தபுரத்துக்குத் திரும்பியது. அங்கும் அதே நிலை. மூன்று முயற்சிகள் வீணாயின. ஏழாவது முயற்சியில் இறங்கியபோது மீதமிருந்த எரிபொருள் 349 கிலோ. நம் வகுப்புக் கணக்கின்படி அது ஒன்பது நிமிடத்துக்கும் குறைவு. நல்வேளையாக யாருக்கும் தீங்கில்லை.

கொச்சியும் திருவனந்தபுரமும் ஒரே கடற்கரையில் உள்ளவை. ஒன்றில் வானிலை கெட்டால் மற்றொன்றிலும் கெட வாய்ப்புண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலால் சென்னை ஓடுதளத்தில் வெள்ளம் நின்றபோது, அங்கு வர வேண்டிய பல விமானங்கள் பெங்களூருக்குத் திருப்பப்பட்டன. பெங்களூர் உள்நாட்டில், புயலின் பிடிக்கு அப்பால் இருந்தது. ஆகவே மாற்று நிலையத்தை முடிவு செய்யும்போது தொலைவோடு வானிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தூரம் கூடினால் எரிபொருளும் கூடும்; அந்தச் சுமையை ஏற்றுக்கொண்டுதான் பாதுகாப்பைப் பெறுகிறோம்.

ஆசிரியர்களே, மேல்நிலை இரண்டாமாண்டு மாணவர்களிடம் "அடுத்து என்ன?" என்று கேட்கிறோம். "அது கிடைக்காவிட்டால்?" என்றும் கேட்போம். ஒரே நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணை நம்பி இரண்டு படிப்புகளைச் சொன்னால், அவை இரண்டும் ஒரே மேகத்தின் கீழ் இருப்பவை. இரண்டாவது வழி வேறு வாசல் வழியாகச் செல்வதாக இருக்கட்டும். அதற்கும் எரிபொருள் வேண்டும்: விண்ணப்பத்தின் கடைசி நாள், வருமானச் சான்று, சாதிச் சான்று, கட்டணம். இவற்றைத் தேர்வு முடிவு வந்த பிறகு தேடினால் காலம் போதாது.

இரண்டாவது வழியைக் குறித்து வைப்பது அவநம்பிக்கை என்று சில பெற்றோர் நினைக்கலாம். மாற்று நிலையத்தை எழுதிவிட்டுப் புறப்படும் விமானியும், முதலில் குறித்த ஊரில் இறங்கத்தான் பறக்கிறார் என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.