கேரம் அணியின் ஓராண்டு: நன்றியும் ஒரு வேண்டுகோளும்

(அறக்கட்டளைக் கூடத்தில் நடந்த கேரம் அணியின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



 

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. மஃரிபுக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. அதற்குள் முடித்துவிடுகிறேன். முன்வரிசையில் நம் அணியின் நான்கு ஆட்டக்காரர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். இன்றைய கூட்டம் அவர்களுக்கானது. அவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு, நான் செய்த ஒரு தவறையும் உங்கள் முன் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தக் கூடத்துக்குக் கேரம் போர்டு வந்த கதை பலருக்குத் தெரியும். 2024 நவம்பரில் அமெரிக்காவில் கேரம் உலகக் கோப்பைப் போட்டி நடந்தது. பெண்கள் ஒற்றையர், இரட்டையர், குழு என மூன்று பிரிவிலும் தங்கப் பதக்கம் வென்று வந்தார் காசிமா. அப்போது அவருக்கு வயது 17. புது வண்ணாரப்பேட்டை செரியன் நகர்ப் பிள்ளை. தந்தை மெகபூப் பாஷா ஆட்டோ ஓட்டுநர். நாம் கும்மிடிப்பூண்டியில் மின்சார ரயில் ஏறி, பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர், திருவொற்றியூர் தாண்டி, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பக்கம் இறங்கினால் அவர் வளர்ந்த இடம் வந்துவிடும். தமிழக அரசு அவருக்கு 1 கோடி ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தது.

அந்தச் செய்தி வந்த வாரம்தான் வாலிபர்கள் சிலர் என்னிடம் வந்தார்கள். "பாய், ராத்திரி டியூஷன் முடிஞ்சதும் கூடம் பூட்டித்தானே கிடக்குது. ஒரு போர்டு வாங்கிப் போட்டா என்ன?" என்று கேட்டார்கள்.

நான் உடனே சரி என்று சொல்லவில்லை. கேரம் கிளப் என்றாலே பெட்டு கட்டுவது, பீடிப்புகை, வாய்ச்சண்டை என்றுதான் நாம் பார்த்து வளர்ந்திருக்கிறோம். ஜமாஅத்தில் இரண்டு பெரியவர்கள், "நாளைக்கு இது சூதாட்டக் கூடமாக மாறினால் யார் பதில் சொல்வது?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஹஜ்ரத் அவர்களிடம் போனோம். "பகடையை உருட்டிவிட்டு அதிர்ஷ்டத்தைப் பார்த்து உட்காரும் ஆட்டமல்ல இது. கையும் கண்ணும் வேலை செய்கிற ஆட்டம். ஆனால் காசு வைத்தால் அது சூதுதான்" என்றார்கள். மூன்று நிபந்தனைகள் போட்டார்கள். போர்டின் மேல் ஒரு ரூபாய்கூட வைக்கக் கூடாது. பாங்கு சொன்னால் ஆட்டத்தை அப்படியே விட்டு எழுந்துவிட வேண்டும். வாயில் கெட்ட வார்த்தை வரக் கூடாது. இந்த மூன்றையும் எழுதிச் சுவரில் ஒட்டினோம். அல்ஹம்துலில்லாஹ், இன்று வரை முதல் இரண்டும் மீறப்படவில்லை. மூன்றாவதை மீறியவர்கள் கூடத்தைக் கூட்டிப் பெருக்கியிருக்கிறார்கள்.

இனி நம் ஆட்டக்காரர்கள். பெயர் சொன்னால் கூச்சப்படுவார்கள். ஆளைச் சொன்னாலே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

முதலாமவர் நம் பெரியவர். முப்பது வருடம் இரும்பு உருக்குகிற ஆலையில் வேலை பார்த்தவர். ஆள்காட்டி விரலின் நுனியை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர். ஆள்காட்டி விரல் இல்லாதவர் எப்படி ஸ்ட்ரைக்கரைச் சுண்டுவார் என்று எதிரணியினர் முதலில் சிரிப்பார்கள். இவர் நடுவிரலால் சுண்டுகிறவர். வேகம் கிடையாது. காய் உருண்டு போய் பாக்கெட்டின் வாயில் ஒரு விநாடி நின்று விழும். கட்டுக் கட்டி எதிரியை ஆடவிடாமல் செய்வதில் இவரை மிஞ்ச ஆளில்லை.

இரண்டாமவர் வெல்டிங் வேலை பார்க்கிறவர். சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி. ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் இரவு ஷிப்ட். இரவு ஷிப்ட் முடித்துவிட்டுத் தூங்காமல் மீஞ்சூர் ஆட்டத்துக்கு வந்து, கண்ணைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்து, ரெட் போட்டு ஃபாலோவும் எடுத்தவர்.

மூன்றாமவர் பாலிடெக்னிக் மாணவர். கோபக்காரர். இந்தக் கூடத்தை அதிகம் பெருக்கியவர் அவர்தான். ஆனால் கடைசி நான்கு மாதம் துடைப்பத்தை எடுக்கவே இல்லை. கோப்பையைவிட எனக்கு அது பெரிது.

நான்காமவர் பீகாரிலிருந்து வேலைக்கு வந்த தம்பி. வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் கடைசி வரிசையில் நின்று, யாரோடும் பேசாமல் அறைக்குப் போய்விடுவார். ஒரு நாள் கூடத்து வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார். கையைக் காட்டிக் கூப்பிட்டோம். வந்து உட்கார்ந்தவர் ஒரே கையில் ஐந்து காய் போட்டார். அவருக்குத் தெரிந்த தமிழ் அன்று இரண்டே சொல். இன்று நம்மோடு சாப்பிடுகிறார், சண்டை போடுகிறார், தமிழிலேயே. உலகப் பட்டம் வென்ற ரஷ்மி குமாரி தன் மாநிலத்துக்காரர் என்று அவருக்கு ஒரே பெருமை. பத்து ஆண்டுகளாக அந்த அறைகளில் எத்தனையோ வெளிமாநிலப் பிள்ளைகள் இருக்கிறார்கள். நாம் ஸலாம் சொன்னதோடு நிறுத்திக்கொண்டோம். அவர்களை நம் வீட்டுப் பிள்ளைகளாக்க ஒரு பலகை தேவைப்பட்டிருக்கிறது.

வெற்றி தோல்விக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்து ஊர் அணிகளோடு ஆறு முறை மோதினோம். இரண்டில் வென்றோம், நான்கில் தோற்றோம். 25 புள்ளி எடுக்க வேண்டிய ஆட்டத்தில் 22 வரை வந்து, அந்த நிலையில் ரெட்டுக்குப் புள்ளி கிடையாது என்பதை மறந்து ரெட்டைத் துரத்திப் போய்த் தோற்றதும் உண்டு. யார் என்று சொல்ல மாட்டேன். அவரே சிரிக்கிறார்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

நம் வெல்டர் தம்பியின் மகள் எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். ராத்திரி அத்தாவைச் சாப்பிடக் கூப்பிட வருவாள். அவர் ஆடி முடிக்கும்வரை நின்று பார்ப்பாள். ஒரு நாள் ஆள் குறைந்தபோது, "நீ உட்காரம்மா" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். எட்டு போர்டு முடிவதற்குள் என்னைத் தோற்கடித்துவிட்டு, "மாமா, நீங்க அவசரப்படுறீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த வாரம் நம் பாலிடெக்னிக் தம்பியும் அவளிடம் தோற்றார்.

அதன்பின் அவளுடைய அம்மா என் வீட்டுக்கு வந்தார். "பாய், ஞாயித்துக்கிழமை காலையில ரெண்டு மணி நேரம் கூடத்தைப் பொம்பளப் பிள்ளைங்களுக்கு விடுங்க. நாங்க ரெண்டு பேர் கூட இருந்து பாத்துக்கறோம்" என்றார். நான் முடியாது என்று சொல்லவில்லை. "பார்க்கலாம்மா" என்றேன். நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆறு மாதம் பார்த்துக்கொண்டே இருந்தேன். யார் என்ன சொல்வார்களோ என்ற பயம். ஹஜ்ரத்திடம் கேட்டேனா? இல்லை. ஆண் பிள்ளைகளுக்காக ஒரே நாளில் ஓடிப் போய்க் கேட்ட நான், பெண் பிள்ளைகளுக்காக ஒரு முறைகூடப் போகவில்லை.

பிறகு திருவள்ளூரில் ஒரு போட்டி. விண்ணப்பப் படிவத்தில் ஆண்கள் என்ற இடத்தில் நான்கு பெயர் எழுதினேன். பெண்கள் என்ற இடத்தில் ஒரு கோடு போட்டேன். அதை வாங்கிப் பார்த்தவர், "உங்க ஊர்ல பொண்ணுங்க ஆட மாட்டாங்களா சார்?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. பக்கத்தில் அந்தப் பிள்ளையின் அத்தா நின்றுகொண்டிருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டார். அந்த ஒரு நொடி இன்னும் என் மனதில் உறுத்துகிறது.

யோசித்துப் பாருங்கள். எந்தச் செய்தியைக் கேட்டு நாம் இந்தப் போர்டை வாங்கினோம்? ஒரு பெண் பிள்ளை ஜெயித்த செய்தியைக் கேட்டு. வாங்கியபின் அதை யாருக்குக் கொடுத்தோம்? ஆண்களுக்கு மட்டும்!

இந்த ஆட்டத்துக்கும் நம் சென்னைக்கும் உள்ள உறவு பழையது. சர்வதேசக் கேரம் கூட்டமைப்பு 1988இல் சென்னையில்தான் தொடங்கப்பட்டது. 1991, 1995 என இரண்டு முறை உலகப் பட்டம் வென்ற மரிய இருதயம் சென்னைக்காரர். 1996இல் அர்ஜுனா விருது பெற்றவர். 2008இல் பிரான்சின் கான் நகரில் உலகப் பட்டம் வென்ற இளவழகி வியாசர்பாடியில் வளர்ந்தவர், மீன்பாடி வண்டி ஓட்டியவரின் மகள். காசிமாவோடு அமெரிக்கா சென்ற மித்ரா, நாகஜோதி இருவரும் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளே. இவர்களில் பலர் வசதியான வீட்டில் பிறந்தவர்கள் அல்லர். கேரத்துக்கு மைதானம் வேண்டாம், விலை உயர்ந்த காலணி வேண்டாம். ஒன்பது வெள்ளை, ஒன்பது கறுப்பு, ஒரு சிவப்பு, ஒரு ஸ்ட்ரைக்கர், கொஞ்சம் பவுடர். மற்றதெல்லாம் வீட்டார் தருகிற நேரமும் தைரியமும்தான். காசிமாவுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தது அவருடைய தந்தையே. நாள் முழுதும் ஆட்டோ ஓட்டியவர் மகளுக்கு நேரம் ஒதுக்கினார். நம்மில் எத்தனை பேர் மகளோடு உட்கார்ந்து அரை மணி நேரம் விளையாடியிருக்கிறோம்?

மார்க்கம் தடுக்கிறதா என்று கேட்பவர்கள் ஸீராவைப் பாருங்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடியிருக்கிறார்கள். முதல் முறை அன்னையார் முந்தினார்கள். பிறகு ஒரு பயணத்தில் நபியவர்கள் முந்தி, அதற்கு இது சரியாகிவிட்டது என்று சிரித்தார்கள். ஒரு பெருநாளில் அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட்டு ஆடியபோது, அன்னையார் பார்த்துச் சலிக்கும்வரை அவர்களுக்கு மறைவாகப் பொறுமையோடு நின்றார்கள். திரையும் இருந்தது, விளையாட்டும் இருந்தது. நாம் திரையை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

போன வாரம் ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டேன். "இதைக் கேட்க இத்தனை நாளா?" என்றார்கள். அதே மூன்று நிபந்தனைகள்தான், நான்காவதாகத் தாய்மார்கள் உடன் இருக்க வேண்டும் என்றார்கள்.

ஆகவே அறக்கட்டளையின் சார்பில் சொல்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல், காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணிவரை இந்தக் கூடம் பெண் பிள்ளைகளுக்கு. அந்த நேரத்தில் சாவி அவர்கள் தாய்மார்களிடம் இருக்கும். என்னிடம் இருக்காது. முதல் மாதம் நம் பெரியவர் ஆட்டம் சொல்லித் தருவார். தாய்மார்கள் உடன் இருப்பார்கள்.

உங்களிடம் கேட்பது மூன்று. வீட்டுப் பரணில் பழைய கேரம் போர்டு கிடந்தால் கொண்டு வந்து தாருங்கள், தேய்த்துச் சரிசெய்து கொள்கிறோம். மேற்பார்வைக்கு இன்னும் இரண்டு தாய்மார்கள் பெயர் தர வேண்டும். மூன்றாவது, உங்கள் மகள் "நானும் போகட்டுமா?" என்று கேட்டால், "பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். சரி என்றால் சரி, வேண்டாம் என்றால் காரணம் சொல்லுங்கள். எல்லோரும் உலகக் கோப்பை வாங்கப் போவதில்லை. காய் பாக்கெட்டில் விழும்போது வருகிற அந்தச் சிரிப்பு போதும்.

அந்தப் பிள்ளையிடமும் அவளுடைய பெற்றோரிடமும் இந்தச் சபையில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த போட்டிப் படிவத்தில், இன்ஷா அல்லாஹ், அந்த இடத்தில் கோடு இருக்காது. பெயர் இருக்கும்.

நம் நான்கு ஆட்டக்காரர்களுக்கும், பவுடர் வாங்கிக் கொடுத்த கடைக்காரருக்கும், ஊர் ஊராக வேனில் அழைத்துப் போன சகோதரருக்கும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. பாங்கு நேரமாகிவிட்டது. போர்டை மூடுங்கள்.