மாற்றும் முன் ஒரு கணக்கு

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

என் ஊர் திருப்புலிவனம். 1986 முதல் 89 வரை உத்திரமேரூர் பஸ்ஸின் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு, பாலாற்றைத் தாண்டி இந்தக் கல்லூரிக்கு வந்தவன் நான். இன்று காலை அதே சாலையில் காரில் வந்தேன். வாசலில் நின்ற ஒரு தம்பி, "சார், பழைய வண்டியெல்லாம் அந்தப் பக்கம்" என்று கையைக் காட்டினார். கோபம் வரவில்லை. என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தவனுக்கு விஷயம் கிடைத்துவிட்டது.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் உற்பத்தி தொடங்கியது 1998-இல். அதற்கு அடுத்த வருஷம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். இன்றும் அங்கேதான், பிரஸ் ஷாப்பில். பெரிய சுருளாக வரும் இரும்புத் தகட்டை அச்சில் வைத்து அழுத்திக் கதவாகவும் பானட்டாகவும் ஆக்குவது எங்கள் வேலை. கதவில் கண்ணாடி வரும் இடத்தைப் பாருங்கள். அந்த இடத்துத் தகடு எங்கே போயிற்று? வெட்டி எறிந்த துண்டாகத் தொட்டியில் கிடக்கும். உள்ளே வரும் தகட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காரில் ஏறுவதே இல்லை. வீணாகாது, திரும்ப உருக்குவார்கள். ஆனால் திரும்பவும் நெருப்பு வேண்டுமே!

அந்தத் தகடு எங்களிடம் வருவதற்கு முன்னால் எவ்வளவு எரிந்திருக்கிறது தெரியுமா? இந்தியாவில் ஒரு டன் எஃகு செய்தால் சுமார் இரண்டரை டன் கரியமில வாயு வெளியே போகிறது. உலைக்கு வேண்டிய கோக் நிலக்கரியில் பெரும்பகுதி கப்பலேறி வருகிறது, முக்கியமாக ஆஸ்திரேலியாவிலிருந்து. ஒரு டன் அலுமினியத்துக்குப் பதினாலாயிரம் யூனிட் மின்சாரம் போல வேண்டும். பழைய அலுமினியத்தை உருக்கினால் அதில் இருபதில் ஒரு பங்கு போதும். பிறகு பெயிண்ட், டயர், பிளாஸ்டிக், கண்ணாடி. எல்லாம் சேர்ந்து, ஒரு சின்ன கார் ஷோரூமில் வந்து நிற்கும்போதே ஐந்தாறு டன் கரியமில வாயுவுக்குக் காரணமாகிவிட்டது. அதற்குள் ஒரு சொட்டு பெட்ரோல்கூட எரியவில்லை.

என் வண்டி 2009 மாடல். 2024-இல் பதினைந்து வருஷம் முடிந்தது. பதிவைப் புதுப்பிக்க 5,000 ரூபாய் கட்டணம், அதற்கு மேல் பசுமை வரி. வீட்டில் ஒரே பேச்சு. "மாத்துங்கப்பா. புதுசு வாங்கினா பெட்ரோலும் மிச்சம், சுற்றுச்சூழலுக்கும் நல்லதுன்னு விளம்பரத்துலயே சொல்றான்" என்றான் மகன்.

பேப்பரை எடுத்து உட்கார்ந்தேன். பௌதிகம் படித்த புத்தி விடுமா? நான் வருஷத்துக்கு 4,500 கிலோமீட்டர் ஓட்டினால் அதிகம். என் வண்டி லிட்டருக்கு 14 கொடுக்கிறது, புதிது 20 கொடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். மிச்சமாவது வருஷத்துக்கு 96 லிட்டர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு. ஆக 220 கிலோ மிச்சம். புது வண்டி பிறக்கும்போதே பட்ட ஆறு டன் கடனை இப்படி அடைக்க 27 வருஷம் ஆகும்! அதுவரை நானும் இருக்க மாட்டேன், அந்தப் புது வண்டியும் இருக்காது.

பழையதெல்லாம் நல்லது என்று சொல்ல வரவில்லை. எங்கள் தெருவில் ஒருவர் வாடகைக் கார் ஓட்டுகிறார், வருஷத்துக்கு 60,000 கிலோமீட்டர். அவருக்கு இதே கணக்கைப் போட்டால் இரண்டே வருஷத்தில் கடன் அடைந்துவிடுகிறது. அவர் மாற்றத்தான் வேண்டும். கரும்புகை கக்கும் பழைய டீசல் வண்டியையும் நான் ஆதரிக்க மாட்டேன். அந்தப் புகை ரோட்டோரம் நிற்கிறவன் நுரையீரலுக்குத்தான் போகிறது. மின்சாரக் காருக்கும் இதே கேள்விதான். பேட்டரி செய்வதால் அதன் பிறவிக்கடன் பெட்ரோல் காரைவிட அதிகம். நிறைய ஓடினால் அதை அடைத்துவிட்டு லாபத்துக்கு வரும், நம்மூர் மின்சாரம் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வந்தாலும். வாரத்துக்கு ஒரு நாள் கல்யாணத்துக்குப் போக வாங்கினால்? கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுச் சாமான்களும் அப்படித்தான். எங்கள் அம்மா காலத்தில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசத் தெருவுக்கே ஆள் வருவார். பாத்திரம் மூன்று தலைமுறை உழைத்தது. இன்று மிக்ஸியில் சின்ன கோளாறு என்று கடைக்குக் கொண்டுபோனால், "ரிப்பேர் பண்ற காசுக்குப் புதுசே வாங்கிடலாம்மா" என்கிறார்கள். செல்போனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், உடைக்காமல் பேட்டரியைக்கூட வெளியே எடுக்க முடியவில்லை.

உத்திரமேரூர் கல்வெட்டு என்றால் எல்லாரும் குடவோலையைச் சொல்வோம். பராந்தக சோழன் காலத்து அந்தக் கல்வெட்டுகளில் ஏரி வாரியம் என்றும் ஒன்று உண்டு. ஏரியைப் பார்த்துக்கொள்ளவே தனியாக ஒரு குழு! பல்லவர் காலத்து வைரமேகத் தடாகத்தில் இன்றும் தண்ணீர் நிற்கிறது என்றால், தூர் வாரி, கரை கட்டிப் பார்த்துக்கொண்ட கைகளால்தான்.

இதையெல்லாம் கம்பெனியில் டீ குடிக்கும்போது சொல்லிக்கொண்டிருந்தேன். பயிற்சிக்கு வந்த பையன் ஒருவன், நம் கல்லூரி மாணவன்தான், கேட்டான்: "சார், எல்லாரும் உங்களை மாதிரி பதினஞ்சு வருஷம் ஓட்டினா நம்ம லைன் நின்னுடுமே சார்?"

டீ தொண்டையில் நின்றுவிட்டது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது, மறு வருஷம் மறைமலைநகர் ஆலை நின்றது. அப்போது அங்கே வேலை செய்த வீடுகளில் அடுப்பு எப்படி எரிந்தது என்று எனக்குத் தெரியும். என் பிள்ளைகள் படித்ததும் இந்தக் கார் சம்பளத்தில்தான். அவனுக்கு முழுப் பதில் என்னிடம் இல்லை, இப்போதும் இல்லை. ஒன்று மட்டும் சொன்னேன். போன வருஷம் என் வண்டியில் ஆல்டர்நேட்டர் போய்விட்டது. சென்னை புதுப்பேட்டையில் உடைத்த காரிலிருந்து எடுத்த ஒன்றை வாங்கி வந்தேன். அதைக் கழற்றியவர், சோதித்தவர், விற்றவர், இங்கே மாட்டிய மெக்கானிக் என்று நாலு பேர் கைக்குக் காசு போயிற்று. பழுது பார்ப்பதும் வேலைதான். ஆனால் பி.எஃப்., இ.எஸ்.ஐ., கம்பெனி பஸ் எல்லாம் லைனில் நிற்பவனுக்குக் கிடைக்கின்றன, புதுப்பேட்டைக்காரருக்குக் கிடைப்பதில்லை. அது கிடைக்கிற மாதிரி ஏற்பாடு வந்தால் அந்தப் பையனுக்கு என்னால் இன்னும் தைரியமாகப் பதில் சொல்ல முடியும். 2021-இல் வந்த வாகனக் கழிவுக் கொள்கைக்குப் பிறகு பதிவு பெற்ற உடைப்பு நிலையங்கள் வருகின்றன. அங்கே நல்ல பாகத்தைக் கழற்றி விற்பார்களா, எல்லாவற்றையும் நசுக்கி உலைக்கு அனுப்புவார்களா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நேரம் ஆகிவிட்டது என்று செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். அந்தப் பக்கம், பழைய வண்டிகளோடு நிற்கும் சாம்பல் நிறக் கார் என்னுடையது. பானட்டைத் திறந்து வைக்கிறேன், மாணவர்கள் வந்து பார்க்கலாம். கிளம்பும்போது இரண்டு பேர் பக்கத்தில் இருந்தால் நல்லது. சில நாள் தள்ளிவிட வேண்டியிருக்கும்.