பாக்கி வைத்த கம்பெனி திவாலானால் நாம் என்ன செய்வது?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் காலனியில் சொந்தத் தொழில் செய்பவர்கள் பலர். அதனால் என் அனுபவத்தைச் சொல்லச் சொன்னார்கள். நான் வக்கீல் இல்லை; அம்பத்தூரில் அட்டைப்பெட்டி செய்பவன். பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

எட்டு வருட வாடிக்கைக் கம்பெனி ஒன்று. பணம் முதலில் ஒரு மாதம் தள்ளிப் போனது, பிறகு மூன்று மாதம். "அடுத்த வாரம் சார்" என்பார்கள். பழகிய இடமாயிற்றே என்று லோடு அனுப்பிக்கொண்டே இருந்தேன். பாக்கி ஒன்பது லட்சத்தைத் தாண்டியது. ஒருநாள் நம் பிளாக் நண்பர் வாட்ஸ்அப்பில் ஒரு பேப்பர் விளம்பரத்தை அனுப்பினார். அந்தக் கம்பெனி மேல் திவால் நடவடிக்கை தொடங்கிவிட்டது. அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. மறுநாள் ஐந்து பேருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும்.

முதலில், நடவடிக்கை தொடங்கிய பிறகு செய்ய வேண்டியது.

2016-ஆம் ஆண்டு திவால் சட்டப்படி தீர்ப்பாயம் மனுவை ஏற்றவுடன், அந்தக் கம்பெனி மேல் வசூல் வழக்குப் போட முடியாது. கம்பெனி வாசலில் போய்ச் சத்தம் போட்டும் பயனில்லை. இடைக்காலத் தீர்வு நிபுணர் என்று ஒருவர் நியமிக்கப்படுவார். அவரிடம் 'படிவம் பி'-யில் நம் கோரிக்கையைக் கொடுக்க வேண்டும். விளம்பரத்தில் கடைசித் தேதி இருக்கும். பொதுவாக அவர் நியமனமான நாளிலிருந்து 14 நாள். நான் அதைத் தவறவிட்டேன். தாமதமானாலும், நடவடிக்கை தொடங்கி 90 நாளுக்குள் கொடுக்க வழி உண்டு என்று ஆடிட்டர் சொன்னதால் தப்பித்தேன். பில், டெலிவரி சலான், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் இணைக்க வேண்டும். கையெழுத்து வாங்காத சலான்களால்தான் எனக்குத் தலைவலி.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. நடவடிக்கை தொடங்கிய பிறகு கம்பெனியை நடத்துவதற்காக நிபுணர் கேட்டு நாம் அனுப்பும் சரக்கு தனிக் கணக்கு. அதற்கான பணம் பழைய பாக்கிகளுக்கு முன்னால் வரும். எனவே பழைய பாக்கிக்காகக் கோபப்பட்டு உடனே மறுக்க வேண்டாம். அவரிடம் எழுத்தில் ஆர்டர் வாங்கிக்கொண்டு அனுப்புங்கள்.

செக் திரும்பியிருந்தால், கம்பெனி மேல் உள்ள செக் வழக்கு நிற்கும். ஆனால் கையெழுத்துப் போட்ட டைரக்டர் மேல் தொடரலாம் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

உள்ளதைச் சொல்கிறேன்: இதெல்லாம் செய்தும் பணம் முழுதாக வரும் என்று எண்ண வேண்டாம். கடன் கொடுத்த வங்கிகளுக்கு ஓட்டு உண்டு, நம் போன்றவர்களுக்குப் பெரும்பாலும் இல்லை. சொத்தை விற்றுப் பிரிக்கும் நிலை வந்தால் நம் முறை கடைசிப் பக்கத்தில்தான். எனக்கு இன்னும் ஒரு ரூபாய் வரவில்லை. நான் கட்டிய ஜிஎஸ்டியும் திரும்பாது.

ஆகவே முன்கூட்டியே செய்ய வேண்டியதுதான் முக்கியம்:

1. உத்யம் பதிவு செய்யுங்கள். இலவசம், ஏஜென்டுக்குப் பணம் தர வேண்டாம். பொருள் செய்பவர், சேவை தருபவர் குறு, சிறு நிறுவனமாக இருந்தால், எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இந்தச் சலுகை இல்லை.

2. பில்லில் உத்யம் எண்ணைப் போடுங்கள். காலத்தில் பணம் தராவிட்டால் அந்தத் தொகையை அந்த வருடச் செலவாக அவர்கள் வருமான வரியில் காட்ட முடியாது. அவர்கள் ஆடிட்டரே நமக்காகப் பேசுவார்.

3. ஒரே வாடிக்கையாளருக்கு இவ்வளவுதான் கடன் என்று வரம்பு வையுங்கள். தாண்டினால் அடுத்த லோடு வேண்டாம்.

4. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாக்கித் தொகையை உறுதி செய்து கையெழுத்து, முத்திரையுடன் கடிதம் வாங்குங்கள்.

நான் இப்போது 45-ஆம் நாள் போன் செய்கிறேன். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் பணம் தருகிறார்கள். கோரிக்கைப் படிவம் நிரப்ப யாருக்காவது உதவி வேண்டுமானால் ஞாயிறு காலை வீட்டுக்கு வாருங்கள்.