நெட் பவுலராகப் போனவர்கள்



கொஞ்சம் கிரிக்கெட் பேசலாமா? 2020-21-இல் இந்திய அணி ஆஸ்திரேலியா போனது. ஒருநாள் தொடரில் 1-2 எனத் தோல்வி. டி20-இல் 2-1 எனப் பதிலடி. அடுத்து அடிலெய்டு டெஸ்ட்: 36 ரன்னுக்கு ஆல் அவுட்! கோலி ஊர் திரும்பினார். ஷமிக்குக் கையில் முறிவு. ‘அவ்வளவுதான்’னு பலபேர் டி.வி.யை அணைத்துவிட்டார்கள்.

ரகானே தலைமையில் மெல்போர்னில் வெற்றி. சிட்னியில் காயத்தோடு நின்று டிரா செய்தார்கள் அஸ்வினும் விஹாரியும். பிரிஸ்பேனில் பும்ரா, அஸ்வின், ஜடேஜா யாருமில்லை. கொரோனா காலம், ஊரிலிருந்து ஆள் வரவழைப்பது லேசில்லை. கூட வந்தவர்களில்தான் பொறுக்கணும்.

நெட்டில் பந்து போடப் போன சின்னப்பம்பட்டி நடராஜன், அந்த ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமானார். டி20 முடிந்தும் நெட் பவுலராகத் தங்கிய வாஷிங்டன் சுந்தர், முதல் டெஸ்டிலேயே 62 ரன் அடித்தார். முதல் இன்னிங்ஸில் இருவருக்கும் ஆளுக்கு 3 விக்கெட். 1988-க்குப் பின் டெஸ்டில் ஆஸ்திரேலியா தோற்காத மைதானத்தில் 328 ரன்னைத் துரத்திப் பிடித்து, தொடரையும் 2-1 என வென்றோம்.

தம்பி, தங்கைகளே, கிடைத்தது நெட் வேலைதானே என்று நினைக்காதீர்கள், முழுசாகச் செய்யுங்கள்.

நண்பர்களே, நமக்கும் ஒன்று உண்டு. அவர்களை யாரோ கூட்டிப் போனதால்தானே கூப்பிட முடிந்தது? நம் அலுவலகங்களில் இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி இடமாவது கொடுப்போம்.